முதன்முதலாக வெப்சைற் செய்ய வருபவர்களுக்கு வேர்ட்பிரஸை எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது?

[1] வாசிகசாலை

எல்லாருக்கும் வணக்கம். கோண்டாவில் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் சின்னதாக ஒரு வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறேன். காசு வாங்குவதில்லை. சொந்தமாக ஒரு வெப்சைற் வேண்டும், ஆனால் புரோகிராமிங் தெரியாது என்று வருபவர்களுக்கு புரோகிராம் எழுதாமலே வெப்சைற் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. இப்போது 11 பேர். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருக்கும் பெடியள் 6 பேர், தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, 62 வயதில் கோவில் நிர்வாகசபைச் செயலாளராக இருக்கும் ஓர் ஐயா, மிச்சம் 3 பேரும் வீட்டோடு வியாபாரம் செய்பவர்கள்.

முதல் இரண்டு கிழமையும் நான் பிழையான இடத்தில் தொடங்கிவிட்டேன். ஹொஸ்ரிங் (வெப்சைற்றை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) என்றால் என்ன, சிபேனல் (அந்த இடத்தை நிர்வகிக்கும் பக்கம்) என்றால் என்ன, தீம் (வெப்சைற்றின் தோற்றம்) எப்படிப் போடுவது என்று நேராக உள்ளே போனேன். தீம் பட்டியலைத் திறந்ததும் வகுப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒருவர் ஒரு தீமைப் போடுவார், மாதிரிப் படத்தில் இருந்தது போல வரவில்லை என்று கழற்றுவார், அடுத்ததைப் போடுவார். இரண்டு மணித்தியாலம் முடிந்தபோது 11 பேரிடமும் வடிவான முகப்புகள் இருந்தன, ஒருவரிடமும் ஒரு வரி எழுத்து இல்லை.

மூன்றாம் கிழமை கொம்பியூட்டரைத் திறக்கவே விடவில்லை. கொப்பியும் பேனையும் கொடுத்து, உங்கள் வெப்சைற்றுக்கு வரப்போகிற ஆளை நினைத்துப் பாருங்கள், அவர் முதலில் என்ன கேட்பார், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள், அதை எழுதுங்கள் என்றேன். தையல்கடை அக்கா அரை மணித்தியாலத்தில் இரண்டு பக்கம் எழுதினார். சாறி பிளவுசுக்கு எத்தனை நாள், துணி நீங்கள் தருவீர்களா நாங்கள் தரவேண்டுமா, பழைய சட்டையை அளவுக்குக் கொண்டுவரலாமா என்று அவரிடம் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்விகள்தான் எல்லாம். அதற்குப் பிறகு வேர்ட்பிரஸைத் திறந்தபோது அவருக்கு எந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்ற குழப்பமே வரவில்லை.

பேஜ், போஸ்ற் என்ற இரண்டையும் நிலையத்து வாசலைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன். சுவரில் பெயின்றால் எழுதியிருக்கும் பெயர், தொடங்கிய ஆண்டு, திறக்கும் நேரம், இவை பேஜ். பக்கத்துப் பலகையில் குத்தி வைக்கிற அறிவித்தல்கள் போஸ்ற், புதிது வரப் பழையது கீழே போகும். தீமுக்கு உவமை சொன்னவர் கோவில் ஐயா. திருவிழாவில் ஒவ்வொரு நாளும் சாத்துப்படி மாறுகிறது, சுவாமி அதே சுவாமிதானே தம்பி என்றார். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இனித்தான் கேள்வி. அடுத்து எதைக் கொடுக்கலாம், எதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்? ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் உங்கள் முறையை எழுதுங்கள்.

[2] ஐசிரி ரீச்சர்

நல்ல வேலை செய்கிறீர்கள் தம்பி. ஆனால் ஒரு விசயத்தில் எனக்கு உடன்பாடில்லை. உயர்தரப் பெடியளுக்காவது முதலில் எச்ரிஎம்எல், அதாவது வெப்சைற் பக்கங்களை எழுதும் குறிமொழி, கொடுத்திருக்கவேண்டும். நான் வகுப்பறையில் பார்ப்பதைச் சொல்கிறேன். வேர்ட்பிரஸோடு தொடங்கிய பிள்ளை தலைப்பைப் பெரிதாகக் காட்டவேண்டும் என்றால் சாதாரண வரியை எடுத்துத் தடிப்பாக்கி எழுத்தின் அளவைக் கூட்டுகிறது. தலைப்பு என்பது ஒரு தனி வகை, அதற்கு ஒன்றிலிருந்து ஆறு வரை படிநிலை உண்டு, கண் தெரியாதவர் திரைவாசிப்பான் வைத்து வாசிக்கும்போது அந்தப் படிநிலையைப் பிடித்துத்தான் பக்கத்துக்குள் நகர்கிறார், பக்கம் எதைப் பற்றியது என்று ஊகிக்கக் கூகிளும் அதைப் பார்க்கிறது, இதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அத்திவாரம் போடாமல் மேல்வீடு கட்டுகிற கதை. பேந்து ஏதாவது உடைந்தால் யாரையாவது தேடி ஓடவேண்டும்.

எச்ரிஎம்எல் இரண்டு கிழமை போதும். நோட்பாடில் ஒரு பக்கம் எழுதி உலாவியில் திறந்து பார்க்கும்போது அந்த முகத்தில் வருகிற சந்தோசம் வேறு.

[3] வாசிகசாலை

ரீச்சர், தலைப்பு விசயம் உண்மைதான், என் வகுப்பிலும் அதே பிழை நடந்தது. ஆனால் 62 வயது ஐயாவை இரண்டு கிழமை நோட்பாடில் இருத்தினால் மூன்றாம் கிழமை வரமாட்டார். அவருக்கு வேண்டியது கொடியேற்றத் திகதியைப் போடுவது.

எனக்கு ஒரு இடைவழி தெரிகிறது, சரியா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் 5.0 வந்த 2018 டிசம்பரிலிருந்து, தலைப்பு, பந்தி, படம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியாகப் போடும் புளொக் எடிற்றர்தானே. அதில் வலதுபக்கம் மேலே உள்ள மூன்று புள்ளிக்குள் போனால் கோட் எடிற்றர் என்று ஒன்று உண்டு. பெடியளுக்கு முதலில் ஒரு தலைப்பும் ஒரு பந்தியும் ஒரு படமும் போடச் சொல்லிவிட்டு, அதைத் திறந்து காட்டினால் தாங்கள் எழுதியதே எச்ரிஎம்எல்லாக நிற்கும். தங்கள் சொந்த வசனம் அந்தக் குறிகளுக்கு நடுவே நிற்பதைப் பார்த்தால் விளங்காமல் போகாது. திரும்ப வழமையான எடிற்றருக்குப் போய்த் தலைப்பை இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு மாற்றிவிட்டு, கோட் எடிற்றரில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம்.

இன்னொன்று, வேர்ட்பிரஸ் போன்ற இந்த உள்ளடக்க மேலாண்மைக் கருவிகள் ஏன் வந்தன என்பதை ஒரு தடவை கஷ்டப்பட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். எச்ரிஎம்எல்லில் 5 பக்கம் செய்யவைத்து, எல்லாவற்றிலும் தொலைபேசி எண்ணை மாற்றச் சொல்லவேண்டும். 5 கோப்பைத் திறந்து 5 தரம் மாற்றுவார்கள். 40 பக்கம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, எழுத்து ஒரு தரவுத்தளத்தில் தனியே இருக்கும், தோற்றம் தீமில் தனியே இருக்கும், யாராவது வந்து கேட்கும் நேரத்தில் பிஎச்பி என்ற கணினி மொழி இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்கிக் கொடுக்கும் என்று சொன்னால் அந்த இடத்தில் விளங்கிவிடும்.

[4] ஐசிரி ரீச்சர்

அந்த 5 கோப்புப் பயிற்சியை நான் எடுத்துக்கொள்கிறேன், என் வகுப்புக்கும் உதவும். வயதானவர்களுக்கு உங்கள் வழி சரி. பெடியளுக்கு நான் சொன்னதில் இன்னும் நிற்கிறேன்.

[5] ஊரைவிட்டு வந்தவன்

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். நான் கணினிக்காரன் இல்லை, ஆனால் இந்த இழையில் ஒருவரும் இதுவரை தொடாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊருக்கு 2011 இல் ஒரு வெப்சைற் செய்தோம். ஊர்ச்சங்கத்தில் காசு சேர்த்து, இங்கே இருந்த ஒரு தம்பி தன் நேரத்தைக் கொடுத்து மிகவும் வடிவாகச் செய்து தந்தார். பள்ளிக்கூட வரலாறு, பழைய அதிபர்மாரின் படங்கள், கோவில் தேர் செய்த காலத்துப் படங்கள், மரண அறிவித்தல்கள், வெளிக்கிட்டுப் போன சனம் எங்கெங்கே இருக்கிறது என்ற விபரம், எல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கேட்டுச் சேர்த்தோம். டொமைன், அதாவது வெப்சைற்றின் முகவரிப் பெயர், அந்தத் தம்பியின் சொந்த மின்னஞ்சலில் அவரின் சொந்தக் கடனட்டையில் பதிவாகியிருந்தது. அது பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. பிறகு அவர் வேலை மாறினார், ஊர் மாறினார், அந்த மின்னஞ்சலைப் பாவிப்பதை விட்டுவிட்டார். கடனட்டை காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் ஒருவரும் திறக்காத பெட்டியில் போய் விழுந்தன. ஒரு நாள் வெப்சைற்றைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம்.

டொட் கொம் போன்ற பெயர்கள் காலாவதியானாலும் உடனே கைவிட்டுப் போவதில்லை, பதிவு நிறுவனம் அழித்த பிறகும் 30 நாள் மீட்புக்காலம் இருக்கிறது, கட்டணம் கூடக் கட்டி எடுக்கலாம் என்று பிறகுதான் அறிந்தோம். நாங்கள் கவனித்தபோது அதுவும் கடந்துபோய் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பழைய வெப்சைற் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபாக் மெஷினில் தேடி ஓரளவு எழுத்தை மீட்டோம். படங்களில் அரைவாசிக்கு மேல் இல்லை. சில படங்களின் மூலப்பிரதியைத் தந்தவர்கள் இப்போது உயிரோடும் இல்லை.

தம்பி மீது எனக்குக் கோபம் இல்லை, அவர் செய்த உதவிக்கு இன்றும் நன்றி சொல்வேன். முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டியது, டொமைன் யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில், அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் யார் யாரிடம் என்பதை ஒரு தாளில் எழுதி நிர்வாகசபைக் கோப்பில் வையுங்கள் என்று. உங்கள் வகுப்பில் இருக்கும் கோவில் ஐயாவுக்கு இதை முதலில் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் பிறகு படிக்கலாம்.

[6] வாசிகசாலை

அண்ணை, இதை வாசித்துவிட்டு ஐயாவுக்குப் போன் எடுத்தேன். கோவிலுக்கு ஏற்கெனவே ஒரு டொமைன் இருக்கிறதாம், லண்டனில் இருக்கும் ஓர் அடியார் வாங்கிக் கொடுத்தது. எப்போது முடிகிறது என்று ஐயாவுக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை வகுப்பே இதுதான். எல்லாரும் தங்கள் டொமைன் யார் பெயரில், எப்போது முடிகிறது என்று பார்த்து வரவேண்டும். பொது நிறுவனம் என்றால் நிர்வாகத்துக்கென்று தனி மின்னஞ்சல் திறந்து, அதற்கு இரண்டு பேர் பொறுப்பு.

[7] அச்சகத்துப் பிள்ளை

யாழ்ப்பாண ரவுணில் ஒரு பதிப்பகத்தில் பக்கவடிவமைப்புச் செய்கிறேன். தமிழில் வெப்சைற் செய்யும்போது மட்டும் வருகிற சிக்கல்களை ஆங்கில வீடியோக்களில் ஒருவரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலாவது பாமினி. எங்கள் ஊரில் சங்க அறிக்கை, கோவில் மலர், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் இன்றைக்கும் பாமினியில்தான் தட்டச்சாகிறது. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அதை அப்படியே வேர்ட்பிரஸில் ஒட்டினால் பார்க்கிறவருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், கூகிளிலும் தமிழில் தேடினால் வராது. எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யுனிகோட்டுக்கு மாற்றித்தான் போடவேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருக்கா முழுதும் வாசியுங்கள், பாமினிக் கோப்புக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் எண்ணோடு வரும் குறிகளும் சிலவேளை தமிழாக மாறி விளங்காத எழுத்தாகிவிடும்.

இரண்டாவது முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் பக்கத்தின் முகவரியையும் தமிழிலேயே ஆக்குகிறது, பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறியோடு சேர்ந்து 9 எழுத்தாக விரிகிறது. யாழ்ப்பாணம் என்ற சொல் எங்களுக்கு 6 எழுத்து. கணினி புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்கு 11 குறியீடு. முகவரியில் 99 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் மொத்தமே 200. இரண்டு சொல்லிலேயே இடம் முடிந்து தலைப்பு நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைப்பக்கத்துக்குச் சதவீதக் குறியாக வருவதும் இதனால்தான், வயதானவர்கள் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்கள். வெளியிட முன்னமே அந்தப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு சொல்லை எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் சிக்கலாகலாம்.

மூன்றாவது எழுத்துரு. தீமோடு வருகிற எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மட்டும்தான், தமிழ் எழுத்து அதற்குள் இல்லாததால் போன் தன்னிடம் இருக்கிற எதையோ எடுத்துப் போடுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் கூகிளில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரிக்கும் வரிக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள், ஆங்கிலத்துக்கு 1.4 போதுமென்றால் தமிழுக்கு 1.7 ஆவது வேண்டும், இல்லையென்றால் மேல்வரியின் கொக்கியும் கீழ்வரியின் விசிறியும் முட்டும். எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளி விட்டுத் தலைப்புக் காட்டும் தீம்களைத் தமிழுக்கு எடுக்கவேண்டாம். சொற்கள் சிதறியது போலத் தெரியும்.

[8] பழைய ஜூம்லா

வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு கருவியான ஜூம்லாவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் 2009 இல் ஜூம்லா 1.5 இல் தொடங்கியவன். மும்மொழியிலும் வெப்சைற் வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களுக்கு இன்றைக்கும் நான் ஜூம்லாவைத்தான் கொடுக்கிறேன், பல மொழி வசதி 2011 இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே இருக்கிறது, வேர்ட்பிரஸில் அதற்கென்று தனியாக ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணைமென்பொருள், போடவேண்டும். இதே வகையைச் சேர்ந்த ட்ரூபல் 2001 இலிருந்து இருக்கிறது, பெரிய தளங்களுக்கு நல்லது, தொடக்கக்காரருக்குப் பாரம்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், சனசமூக நிலையத்து வகுப்புக்கு வேர்ட்பிரஸ்தான் சரி. உலகத்து வெப்சைற்றுகளில் பத்தில் நாலுக்கு மேல் அதில் ஓடுகின்றன, ஒரு சிக்கல் வந்தால் அதே சிக்கல் வந்த ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருப்பார். ஜூம்லாவில் கட்டுரையை எழுதிவிட்டு அதற்கு மெனுவில் ஓர் இடம் செய்யாவிட்டால் அது எங்கே என்று தொடக்கக்காரர் தேடிக்கொண்டிருப்பார். நானும் அப்படித் தேடியிருக்கிறேன். 1.5 இலிருந்து அடுத்த பதிப்புக்கு நேரடியாக ஏறமுடியாமல் எல்லாவற்றையும் புதிதாக நகர்த்தியதும் மறக்கவில்லை.

[9] பனையோலை

எல்லாருக்கும் வணக்கம். நான் பருத்தித்துறைப் பக்கம். நானும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து பனையோலையில் பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி இழைக்கிறோம். பேஸ்புக்கில் படம் போட்டு விற்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது வாங்கிப் போகிறார்கள். இரண்டு விசயம் கேட்கவேண்டும், சின்னக் கேள்வி என்று நினைக்கவேண்டாம்.

பேஸ்புக் இருக்கும்போது வெப்சைற் எதற்கு? காசு கட்டி வாங்கவேண்டுமே. அப்புறம், வேர்ட்பிரஸ் இலவசம் என்கிறார்கள், தேடிப் போனால் மாதம் இவ்வளவு என்று கேட்கிறது. எது உண்மை?

[10] வாசிகசாலை

அக்கா, நல்ல கேள்வி. இரண்டாவதிலிருந்து வருகிறேன். வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கிறது. வேர்ட்பிரஸ் டொட் ஓர்க் என்பதில் கிடைப்பது மென்பொருள், 2003 மே மாதம் மட் மல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் கைவிடப்பட்டிருந்த ஒரு பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து எடுத்துத் தொடங்கியது. யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம், உரிமமே அப்படித்தான். அதை வைத்து ஓட ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கும் டொமைனுக்கும்தான் காசு. வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது இடத்தையும் சேர்த்துத் தருகிற ஒரு நிறுவனத்தின் சேவை. அதில் இலவசமாகவும் தொடங்கலாம், ஆனால் முகவரியில் அவர்கள் பெயரும் வரும், விளம்பரமும் வரலாம். நீங்கள் போய்ப் பார்த்தது அதுதான்.

பேஸ்புக்கை விடவேண்டாம், சனம் அங்கேதான் நிற்கிறது. ஆனால் நீங்கள் போன வருடம் போட்ட கடகத்தின் படத்தை இன்றைக்கு ஒருவர் தேடினால் கிடைக்குமா? கணக்கு முடக்கப்பட்டால் படங்களுக்கு என்ன நடக்கும்? என்ன பொருள், என்ன அளவு, என்ன விலை, எப்படி வாங்குவது என்று அசையாமல் நிற்கவேண்டியதை உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள், புதிதாக இழைத்ததைப் பேஸ்புக்கில் போட்டு அங்கிருந்து இங்கே இணைப்புக் கொடுங்கள். தொடங்கும்போதே கடைப் பிளகின் போடவேண்டாம். ஆறு ஏழு பொருளுக்கு ஒரு பேஜும் வட்ஸ்அப் எண்ணும் போதும். கேட்பவர் கூடினால் வூகொமர்ஸ் என்ற கடைப் பிளகினைப் போடலாம், பொருள் கைக்கு வரும்போது காசு, வங்கிக்கு மாற்றுவது இரண்டும் அதிலேயே இருக்கிறது.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றவேண்டாம். ஒவ்வொன்றும் 4, 5 எம்பி வரும், 10 படம் உள்ள பக்கம் டேட்டா குறைந்தவருக்குத் திறக்கவே திறக்காது. அகலம் 1600 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள்.

[11] பனையோலை

விளங்குது தம்பி. பழகிப் பார்க்க முதலே காசு கட்டவேண்டுமா?

[12] வாசிகசாலை

வேண்டாம் அக்கா. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடுங்கள், உலாவிக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸும் திறக்கும், பதிவுசெய்யவும் தேவையில்லை. எதை அழுத்தினாலும் ஒன்றும் உடையாது என்ற தைரியம் வருவதற்கு அது நல்லது. பிடித்ததைச் செய்தால் சிப் கோப்பாக இறக்கி வைக்கலாம். மடிக்கணினி இருந்தால் சாம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு உங்கள் கணினியையே சேர்வராக்கலாம், அதாவது வெப்சைற்றை வைத்து ஓட்டும் கணினியாக்கலாம், இன்ரநெற் இல்லாமலே ஓடும்.

[13] கேபிள் பிடிக்கிறவன்

சாம்ப் கதை வந்ததால் ஒரு விசயம். வகுப்பில் எல்லாரிடமும் நல்ல கணினி இல்லை என்றால் ஒரே ஒரு மடிக்கணினியில் சாம்ப் போட்டு, ஒரு ரவுட்டரில் எல்லாரையும் இணைத்து, மற்றவர்கள் தங்கள் போனிலிருந்தே உள்ளே வரலாம். டேட்டா ஒரு எம்பியும் போகாது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படிச் செய்தபோது முதல் நாள் ஒருவருக்கும் வேலை செய்யவில்லை. பக்கம் வந்தது, நிறமும் படமும் வரவில்லை, எதைத் தொட்டாலும் கிடைக்கவில்லை என்றது. ஒரு மணித்தியாலம் ரவுட்டரைச் சந்தேகப்பட்டேன்.

காரணம் இதுதான். வேர்ட்பிரஸ் தன் முகவரி என்ன என்பதைத் தரவுத்தளத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. நிறுவும்போது லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்ததால் அதையே தன் முகவரியாக எழுதிவிட்டது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் இந்தக் கணினி என்று அர்த்தம், பிள்ளையின் போன் அதைக் கேட்டதும் தனக்குள்ளேயே தேடுகிறது. செற்றிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய் இரண்டு முகவரிப் பெட்டியிலும் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல் இருக்கும் இடத்தில் அந்த மடிக்கணினியின் 192.168 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் சரி. விண்டோஸ் ஃபயர்வால் சாம்புக்குள் இருக்கும் அப்பாச்சி என்ற சேர்வர் மென்பொருளை மறிக்கிறதா என்றும் பாருங்கள். ரவுட்டர் அந்த எண்ணை மாற்றிவிடாமல் நிரந்தரமாக்கி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை திரும்பவும் முதலிலிருந்து.

உயர்தரப் பெடியளுக்கு இந்தப் பிழையை வேண்டுமென்றே வரவிட்டுக் காட்டுங்கள். உள்ளூரில் செய்த வெப்சைற்றை ஹொஸ்ரிங்குக்கு ஏற்றும்போது ஏன் உடைகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

[14] அச்சகத்துப் பிள்ளை

ஏற்றும்போது இன்னொன்றும் பாருங்கள். பழைய தரவுத்தளத்தை இறக்கிப் புதியதில் ஏற்றும்போது எழுத்துக்குறிமுறை பிழைத்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியானதைத் திருப்பி எடுக்க ஏலாது, எழுத்தே போய்விட்டது. புதிய தரவுத்தளம் செய்யும்போது எழுத்துக்குறிமுறையாக யுடிஎஃப்8எம்பி4 என்பதைத் தெரிவுசெய்யுங்கள், ஏற்றிய பிறகு ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை பழையதை அழிக்கவேண்டாம்.

[15] இரவுக்காவல்

நான் ஹொஸ்ரிங் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கெட்டுப்போய் வருகிற வேர்ட்பிரஸ் தளங்களில் நான் காண்பதைச் சொல்கிறேன். காசுக்கு விற்கும் தீமை யாரோ உடைத்து இலவசமாகத் தருகிறார்கள் என்று இறக்கிப் போடுகிறார்கள். அதற்குள் பின்கதவு, அதாவது தாங்கள் பிறகு இரகசியமாக உள்ளே வர ஒரு வழி, வைத்துத்தான் தருகிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்து உங்கள் கோவில் வெப்சைற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மின்னஞ்சல் போகும். இலவசத் தீம் வேண்டுமென்றால் வேர்ட்பிரஸின் சொந்தப் பட்டியலில் எடுங்கள், அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

அடுத்தது புதுப்பித்தல். 2013 இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களை வேர்ட்பிரஸ் தானாகவே போட்டுக்கொள்கிறது, பிளகின்களுக்கு நீங்கள்தான் கவனிக்கவேண்டும். பாவிக்காத பிளகினை நிறுத்தி வைத்தால் போதாது, அழியுங்கள். எல்லாருக்கும் அட்மின், அதாவது எல்லாவற்றையும் மாற்றக்கூடிய பொறுப்பு, கொடுக்கவேண்டாம். கோவில் ஐயாவுக்கு எடிற்றர் பொறுப்புக் கொடுத்தால் எழுதவும் திருத்தவும் முடியும், தற்செயலாகத் தீமைக் கழற்ற முடியாது. ஐயாவுக்கு மட்டும் நிர்வாகப் பக்கத்தைத் தமிழில் வைக்கவும் அவருடைய புரொஃபைலில் வசதி இருக்கிறது, 4.7 இலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மொழி.

பாக்கப் என்பது இரண்டு சாமான். ஒன்று தரவுத்தளம், அதில் எழுத்தெல்லாம் இருக்கும். மற்றது கோப்புகள், படங்கள் அங்கே. ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு எடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் கனபேர். இரண்டையும் எடுத்து, சேர்வருக்கு வெளியே வேறு இடத்தில் வையுங்கள். ஒருக்கா உண்மையாகவே அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

[16] ஊரைவிட்டு வந்தவன்

தம்பி சொன்ன கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். 1981 இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதோடு போயின. நூலகம் என்ற இணைய நூலகத் தளத்துப் பிள்ளைகள் 2005 இலிருந்து ஒவ்வொரு புத்தகமாகப் படமெடுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் அதுவும் ஓடுகிறது. உங்கள் வகுப்பில் இருக்கும் பெடியளுக்கு அதையும் ஒருக்கா திறந்து காட்டுங்கள். கடை வெப்சைற் மட்டும் இல்லை, இதுவும் இந்தக் கருவிகளால் செய்யமுடிகிற வேலைதான்.

[17] வாசிகசாலை

கட்டாயம் காட்டுகிறேன் அண்ணை. இரண்டு சனிக்கிழமை கழித்து எழுதுகிறேன். கோவில் டொமைன் இன்னும் 7 கிழமையில் முடிய இருந்தது. லண்டன் அடியாரோடு கதைத்து நிர்வாகசபை மின்னஞ்சலுக்கு மாற்றி, 3 வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. ஐயா தாளில் எழுதிக் கோப்பில் வைத்து, பிரதி ஒன்றைத் தர்மகர்த்தாவிடமும் கொடுத்துவிட்டார். ரீச்சர் போன சனிக்கிழமை வந்து பெடியளுக்கு எச்ரிஎம்எல் எடுத்தார், அவர்கள் அவரை விடவில்லை, இன்னும் இரண்டு கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

[18] பனையோலை

தம்பி, எங்கள் வெப்சைற் போன மாதமே வந்துவிட்டது! முதலில் கொப்பியில்தான் எழுதினோம். நீத்துப்பெட்டியில் புட்டு அவிப்பது எப்படி என்றும் ஒரு பக்கம் எழுதினோம், வெளிநாட்டுப் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள் என்று எங்கள் ஆச்சி சொன்னா. ஆனால் மூன்று கிழமையாகக் கூகிளில் எங்கள் பெயரையே அப்படியே போட்டாலும் வருவதில்லை. என்ன பிழை விட்டோம்?

[19] இரவுக்காவல்

அக்கா, செற்றிங்ஸில் ரீடிங் என்ற பகுதியைத் திறந்து கீழே பாருங்கள். தேடுபொறிகளைத் தள்ளி நிற்கச் சொல்கிற ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் சரி போட்டிருக்கிறதா?

[20] பனையோலை

ஓம், போட்டிருக்கிறது. பழகும்போது ஒருவரும் பார்க்கக்கூடாது என்று நாங்கள்தான் போட்டோம், பிறகு மறந்துவிட்டோம்.

[21] இரவுக்காவல்

அதை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். பிறகு கூகிள் சேர்ச் கொன்சோலில் உங்கள் முகவரியைப் பதிந்து, முதல் பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், காசு இல்லை. சில நாள் எடுக்கலாம்.

[22] பனையோலை

எடுத்துவிட்டேன், பதிந்தும் ஆயிற்று. நன்றி தம்பி. சுளகுக்கு மட்டும் படம் இன்னும் சரியாக வரவில்லை, மங்கலாக இருக்கிறது. நாளைக்கு வெயில் ஏற முன்னம் முற்றத்தில் வைத்து எடுத்து, 1600 க்குக் குறைத்துப் போடுகிறேன்.